ஏரியாவும் ஏம்பலமும்: ‘பகுதி ஆய்வுகள்’ குறித்துச் சில குறிப்புகள்

1

‘ஏரியா’ என்பது நம் பேச்சில் கெட்டிப்பட்டுவிட்ட சொல். ‘இது யார் ஏரியா தெரியுமா?’ என்றால் மிரட்டல். ‘நீங்க எந்த ஏரியா?’ என்றால் பல நேரங்களில் சாதி விசாரணை. ஏம்பலத்திலிருந்து போகிற ஒரு பையனிடம் புதுச்சேரி நகரத்தில் யாராவது இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டால், ஊரா காலனியா என்பதுதான் கேள்வி என்று அவனுக்குத் தெரியும். பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு விநாடி யோசிப்பான். அந்த ஒரு விநாடியைப் பற்றி எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடம் கிடையாது.

அண்மையில் பட்டப்படிப்பை முடித்த அந்த ஊர்ப் பெண் ஒருவர் என்னிடம் கேட்டார்: ‘அண்ணே, ஏரியா ஸ்டடீஸ்னு ஒரு படிப்பு மெட்ராஸ்ல இருக்காமே, அதுல எந்த ஏரியாவைப் படிப்பாங்க?’ இலங்கை, பர்மா, மலேசியா, சிங்கப்பூர் என்று அடுக்கினேன். ‘அப்போ நம்ம ஏரியாவை யார் படிப்பாங்க?’ யோசிக்காமல் ‘வெள்ளைக்காரங்க’ என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு அந்தப் பதில் எனக்கு உறுத்தத் தொடங்கியது. அது உண்மைதானா, உண்மை என்றால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதை யோசித்ததில் விளைந்தவை இந்தக் குறிப்புகள்.

‘ஏரியா ஸ்டடீஸ்’ என்பதைத் தமிழில் ‘பகுதி ஆய்வுகள்’ என்கிறோம். தமிழில் எம்.ஏ. படித்தவனுக்குப் ‘பகுதி’ என்றதும் நன்னூல் ஞாபகம் வரும். பகுபதத்தைப் பிரித்தால் முதலில் நிற்பது பகுதி, கடைசியில் நிற்பது விகுதி. திணை, பால், எண், இடம் எல்லாவற்றையும் முடிவு செய்வது விகுதி. பகுதிக்குப் பொருள் உண்டு. ஆனால் யார் செய்தது என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. இதே சொல்லுக்குப் பழந்தமிழில் இன்னொரு பொருளும் இருக்கிறது. பகுதி என்றால் அரசனுக்குச் செலுத்தும் இறை, கப்பம். ஆக நாம் தெரியாமல் செய்த மொழிபெயர்ப்பு ரொம்பச் சரியான மொழிபெயர்ப்பாகிவிட்டது. பகுதி ஆய்வு என்பதைக் கப்பம் கட்டும் இடத்தைப் பற்றிய ஆய்வு என்றும் வாசிக்கலாம். யார் கட்டினார்கள், யார் வாங்கினார்கள், அறிவு என்கிற பெயரில் எது கைமாறியது என்று கேட்டுப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

2

முதலில் ஊர். வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் இருக்கிறது ஏம்பலம். தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. இந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் பழகிப்போயிருக்கும். புதுச்சேரி எல்லை முடியும், தமிழ்நாடு வரும், கொஞ்ச தூரத்தில் மறுபடி புதுச்சேரி வரும். சாராயக்கடையையும் பெட்ரோல் பங்கையும் பார்த்துத்தான் எந்த அரசாங்கத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். 293 சதுர கிலோமீட்டர் கொண்ட புதுச்சேரிப் பகுதி ஒரே நிலமாக இல்லை. தமிழ்நாட்டு ஊர்களுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஆறோ மலையோ இந்தத் துண்டுகளைப் பிரிக்கவில்லை. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் ஐரோப்பாவில் போட்ட சண்டைகளும், 1763, 1814 பாரீஸ் உடன்படிக்கைகளும், எந்த ஊர் வரி யாருக்கு என்கிற கணக்கும் பிரித்தன. எல்லை என்பது இங்கே வரிக்கணக்கின் ஓரம். ‘பகுதி’ என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒரே வயலில் சந்திக்கிற இடம் இது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. கலந்துகொண்டவர்கள் 178 பேர். 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. ஓட்டுப் போட்டவர்கள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும். வயலில் நின்றவர்கள் போடவில்லை. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது, சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது. ஒரு ‘பகுதி’ எந்த நாட்டுப் பகுதி என்று தீர்மானித்தது 178 பேர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ‘பகுதி’ என்பது இயற்கையாகக் கிடக்கிற பொருள் அல்ல, கட்டமைக்கப்படுவது என்று மேலைக் கோட்பாட்டாளர்கள் புத்தகம் புத்தகமாக விளக்குவதை, ஏம்பலத்துப் பையன் டிக்கெட் விலையிலேயே தெரிந்துகொள்கிறான் என்பதற்காகச் சொல்கிறேன்.

3

பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிற ஊர். 1879இல் அங்கே ஒரு செப்பேடு கண்டெடுக்கப்பட்டது. பல்லவன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, 9ஆம் நூற்றாண்டு. வடமொழியும் தமிழும் கலந்தது. நிலைதாங்கி என்கிற தலைவனின் வேண்டுகோளின்படி மூன்று ஊர்கள் பாகூர் வித்யாஸ்தானத்துக்குக் கொடுக்கப்பட்ட செய்தியை அது சொல்கிறது. வித்யாஸ்தானம் என்பது கல்விச்சாலை. நம் வரலாற்றுப் பாடநூல்கள் இதைப் பெருமையாகச் சொல்கின்றன: ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பாகூரில் கல்லூரி இருந்தது!

இருந்தது. வாசிக்க வேண்டியது வேறொன்று. மூன்று ஊர்க்காரர்கள் விளைவித்ததில் அரசனுக்குப் போக வேண்டிய பங்கு கல்விச்சாலைக்குத் திருப்பிவிடப்படுகிறது. அந்த மூன்று ஊரில் ஏர் பிடித்தவனின் பிள்ளை அந்தச் சாலைக்குள் போயிருக்க முடியுமா? வேதமும் வேதாங்கமும் கற்ற இடத்தில் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. செப்பேடு நான்கெல்லைகளைச் சொல்லும், தானத்தை மெச்சும். அந்த எல்லைக்குள் உழைத்தவர்கள் பிரதிக்குள் எல்லையாகக்கூட வருவதில்லை. அறிவுக்குக் கூலி கொடுத்தவர்களுக்கு அறிவில் இடமில்லை என்பதற்கு இந்தப் பக்கத்தில் நமக்குக் கிடைக்கிற பழைய சாட்சிகளில் ஒன்று அந்தச் செப்பேடு.

இப்போது அது எங்கே இருக்கிறது? பாரீஸ் தேசிய நூலகத்தில். பாகூர்க்காரர் ஒருவர் தன் ஊர் வித்யாஸ்தானத்தின் மூலப் பிரதியைப் பார்க்க வேண்டுமானால் விசா எடுக்க வேண்டும். முதலில் வரி போனது, பிறகு செப்பேடும் போனது. பகுதியிலிருந்து இரண்டு முறை கப்பம் வாங்கியாயிற்று.

4

இந்த இடத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போவது தாவல் போலத் தெரியலாம். பெரிய தாவல் இல்லை. அமெரிக்காவின் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவும் நிலக்கொடையில் வளர்ந்தவை. 1862ஆம் ஆண்டின் மொரில் சட்டம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் நிலம் கொடுத்து, அதை விற்ற பணத்தில் கல்லூரி நடத்தச் சொன்னது. விஸ்கான்சின், கலிபோர்னியா பல்கலைக்கழகங்கள் இந்த வழியில் பலன் பெற்றவை. அந்த நிலம் யாருடையது? சுமார் 250 பழங்குடி இனங்களிடமிருந்து எடுக்கப்பட்ட 1 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் என்று 2020இல் வெளிவந்த ஒரு பத்திரிகைப் புலனாய்வு கணக்கெடுத்துச் சொன்னது. நிருபதுங்கனின் செப்பேட்டையும் மொரில் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ‘வித்யாஸ்தானம்’ என்ற சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது.

இதே பல்கலைக்கழகங்களில்தான் ‘ஏரியா ஸ்டடீஸ்’ துறைகள் செழித்தன. 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. பெயரைக் கவனியுங்கள். பாதுகாப்பு முதலில், கல்வி பிறகு. அந்தச் சட்டத்தின் 6ஆம் தலைப்பு வெளிநாட்டு மொழிகளையும் பகுதிகளையும் படிக்க நிதி ஒதுக்கியது. பெர்க்லி, விஸ்கான்சின், மிச்சிகன், வாஷிங்டன் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களில் தெற்காசிய ஆய்வு வளர்ந்ததற்குப் பின்னால் இந்தப் பணமும் இருந்தது. இன்னொரு பணம் கோதுமையிலிருந்து வந்தது. 1954ஆம் ஆண்டின் பொதுச்சட்டம் 480இன் கீழ் வந்த கோதுமைக்கு இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. அந்த ரூபாயில் ஒரு பங்கைக் கொண்டு 1962 முதல் இந்திய மொழிப் புத்தகங்களையும் இதழ்களையும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. ரேஷன் வரிசையில் நின்று நம் தாத்தா பாட்டிகள் வாங்கித் தின்ற கோதுமையின் காசில் தமிழ்ப் புத்தகம் கப்பல் ஏறியது. இங்கே கரையான் அரித்துப்போன தமிழ்ப் பிரதியைத் தேடுகிறவனுக்கு ‘சிகாகோல இருக்கும், விஸ்கான்சின்ல இருக்கும்’ என்று பதில் வருவதற்குக் காரணம் இதுதான். இந்த ஏடும் இன்றோ நாளையோ அங்கே ஒரு அலமாரியில் இருக்கலாம். நாம் இருநூறு பேர் படித்துவிட்டுத் தொலைப்போம், அவர்கள் அட்டை போட்டு வைப்பார்கள். கோபப்படுவதா நன்றி சொல்வதா என்று தெரியாத நிலை இது.

எட்வர்ட் சய்த் 1978இல் எழுதிய ‘ஓரியண்டலிச’த்தின் கடைசிப் பகுதியில், பழைய கீழைத்தேயவியலின் அமெரிக்க வாரிசு என்று பகுதி ஆய்வை அடையாளம் காட்டினார். நாம் அதைப் படித்தோம், மேற்கோள் காட்டினோம். ஆனால் அதோடு கதையை முடித்துவிடுவது சோம்பேறித்தனம். பார்ப்பனரல்லாதார் இயக்கம் பற்றி யூஜின் இர்ஷிக் எழுதிய நூலும், நாடார்கள் பற்றி ராபர்ட் ஹார்ட்கிரேவ் எழுதிய நூலும் 1969இல் வந்தன. இர்ஷிக் பெர்க்லியில் பாடம் நடத்தியவர், ஹார்ட்கிரேவ் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில். இரண்டும் மாநிலப் பல்கலைக்கழகங்கள். இந்த நூல்களை மேற்கோள் காட்டாமலா நாம் திராவிட இயக்கம் பற்றி விவாதித்தோம்? வியட்நாம் போரின்போது, அக்கறையுள்ள ஆசியவியலாளர் குழு என்று 1968இல் அமெரிக்காவில் ஒரு அமைப்பு தோன்றியது. பகுதி ஆய்வுப் பணத்தில் படித்தவர்களில் ஒரு பிரிவினரே அந்தப் போருக்கும் அதற்குத் துணைபோன தங்கள் துறைக்கும் எதிராகக் கிளம்பினார்கள். இந்தோனேசியாவை ஆராய்ந்த பெனடிக்ட் ஆண்டர்சன், அங்கே ராணுவம் சொன்ன கதையை மறுத்து எழுதிய ஆய்வறிக்கையின் விளைவாக 1972 முதல் அந்த நாட்டுக்குள் நுழையத் தடைசெய்யப்பட்டார். அதிகாரம் பணம் கொடுக்கும். கொடுத்த இடத்திலெல்லாம் தான் நினைத்த அறிவே முளைக்கும் என்று அதனால் உறுதி வாங்க முடியாது. முளைத்தது பிடிக்காவிட்டால் தண்ணீரை நிறுத்தும். 2025இல் அமெரிக்கக் கல்வித் துறை 6ஆம் தலைப்பின் கீழ் பகுதி ஆய்வு மையங்களுக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தை நிறுத்தியது. எதிரியைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் தொடங்கிய ஏற்பாடு, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை என்கிற ஆணவத்தில் வந்து நிற்கிறது.

5

சரி, அவங்க கதை அது. நம்ம கதை என்ன?

1955இல் டெல்லியில் இந்திய சர்வதேசக் கல்விப் பள்ளி தொடங்கியது. 1970இல் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு, பகுதி ஆய்வு மையங்களை மாநிலங்களில் இருந்த பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டு போனது. காஷ்மீர்ப் பல்கலைக்கழகத்துக்கு மத்திய ஆசியா. ராஜஸ்தானுக்குத் தெற்காசியா. பம்பாய்க்கு ஆப்பிரிக்கா. ஒஸ்மானியாவுக்கு இந்தியப் பெருங்கடல். திருப்பதி வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துக்குத் தென்கிழக்காசியாவும் பசிபிக்கும். கோவாவுக்கு, போர்த்துகீசிய உறவை முன்னிட்டு, லத்தீன் அமெரிக்கா. சென்னைக்குத் தெற்கு, தென்கிழக்கு ஆசியா. இந்தப் பட்டியலை ஒரு வரைபடமாக வரைந்து பாருங்கள். நாட்டின் விளிம்பில் நிற்கும் பல பல்கலைக்கழகங்கள் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வீட்டு மதிலில் கண்ணாடித் துண்டு பதிப்பது மாதிரி. நடுவில் டெல்லி உட்கார்ந்து எல்லோரும் பார்த்ததைக் கேட்டுக்கொள்கிறது. பகுதி எங்கள் பக்கம், விகுதி டெல்லி.

தென்கிழக்காசியா சென்னைக்குப் புதிதும் அல்ல. 1926இல் கல்கத்தாவில் ‘அகண்ட இந்தியா கழகம்’ தோன்றியது. ஆர்.சி. மஜும்தார் சம்பாவையும் ஜாவாவையும் பண்டைய இந்தியக் காலனிகள் என்று எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் நீலகண்ட சாஸ்திரி ஸ்ரீவிஜயம் பற்றிச் சொற்பொழிவாற்றினார், நூல் 1949இல் வந்தது. அந்த ஆய்வின் ஆழத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் நம் பொதுப் புத்தியில் அது என்னவாக இறங்கியது? ‘கடாரம் கொண்டான்’ ஆக இறங்கியது. அந்தக் கடலுக்கு அப்பால் இருக்கிற மனிதர்களைத் தமிழன் படையெடுத்த இடத்து மனிதர்களாக மட்டும் பார்க்கப் பழகினோம். வெள்ளைக்காரனுக்குக் கீழைத்தேயம் என்றால் நமக்குக் கடாரம். ஓரியண்டலிசத்தைக் கட்டுடைக்கிற கையால் ராஜேந்திரனுக்கு மாலை போடுகிறோம்.

மொழி விஷயத்தைப் பாருங்கள். அமெரிக்கப் பகுதி ஆய்வின் ஆயிரம் குற்றங்களுக்கு நடுவில் ஒரு நேர்மை இருந்தது. தமிழ்நாட்டைப் படிக்க வேண்டுமானால் தமிழ் கற்றுக்கொள் என்றார்கள், அதற்குப் பணமும் கொடுத்தார்கள். இங்கே சிங்களம் ஒரு எழுத்துக்கூடத் தெரியாமல் இலங்கை பற்றியும், மலாய் தெரியாமல் மலேசியா பற்றியும் எம்.ஏ. முடித்துவிடலாம். நமக்கும் கொழும்புக்கும் நடுவில் இருப்பது இருபது மைல் கடல் என்கிறோம். நடுவில் லண்டனில் அச்சான ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது. சிங்கள இளைஞன் ஒருவன் தன் மொழியில் எழுதிய போர் எதிர்ப்புக் கவிதையை நேராகப் படிக்கத் தெரிந்த நாலு பேர் நம்மிடம் இருந்திருந்தால், 1983க்குப் பிறகான நம் விவாதங்களின் தொனி கொஞ்சமாவது மாறியிருக்காதா?

‘பகுதி’ என்பதை அக்கரையில் வைத்ததால் வந்த இன்னொரு குருடும் உண்டு. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த ஏரியா? தெற்காசியத் துறையா, சமூகவியலா, அல்லது வருவாய்த் துறையா? வரைபடத்தின்படி அவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள், சட்டத்தின்படி இல்லை. பல்கலைக்கழகத்தின் எந்தக் கதவைத் தட்டினாலும் ‘பக்கத்து ரூம்’ என்பார்கள்.

6

இனி, வரையப்படாத ஒரு ஏரியா. ஏம்பலம் பக்கத்தில் ஒரு காலனி வீட்டில் சட்டம் போட்ட புகைப்படம் பார்த்தேன். தொப்பியும் பித்தளைப் பொத்தானுமாக ஒரு ஆள் நிற்கிறார்.

‘யாருங்க தாத்தா இது?’

‘எங்க பெரிய தாத்தா, தம்பி. சைகோன்ல இருந்தாரு. ஜெயில்ல காவல்.’

‘அங்க எப்படி இருந்தாராம்?’

‘அங்க அவரு தொரை. அனாமித்துக்காரனை அடிச்சிருப்பாரு. லீவுல இங்க வந்தா டீயை வெளிய நின்னு குடிச்சாரு.’

நாலு வாக்கியம். ஒரு முனைவர் பட்டத்துக்கான பொருள் இதில் இருக்கிறது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பிரெஞ்சிந்தியாவில் ஒருவர் தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்துவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம், குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். இப்படித் துறந்தவர்கள் ‘ரெனோன்சான்’ எனப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் இதில் கணிசம். சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். துறந்தவர்களில் பலர் கொச்சின் சீனாவுக்குப் போய் போலீஸ், சுங்கம், சிறை, கலங்கரை விளக்கம் என்று பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ்ப்படிகளில் வேலை பார்த்தார்கள். சாதியிலிருந்து தப்பிக்கக் கிடைத்த கதவு இன்னொரு மக்களை ஒடுக்குகிற இயந்திரத்துக்குள் திறந்தது. 1954 மே மாதம் தியன் பியன் பூவில் பிரான்ஸ் தோற்றது. அதே ஆண்டு அக்டோபரில் கீழூர் வாக்கெடுப்பு. சைகோனில் இருந்த புதுச்சேரிக்காரனுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு ஊரும் கைமாறியது. பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையா இந்தியக் குடியுரிமையா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்தத் தேர்வின் மிச்சம்தான் நம் ஊர்களில் இன்றும் ‘சொல்தா குடும்பம்’, ‘பிரெஞ்சு பென்ஷன்’ என்று புழங்குகிற சொற்கள்.

இதற்கும் முன்னால் கரும்புத் தோட்டங்கள். 1853 தொடங்கி 1880கள் வரை புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கூலி ஒப்பந்தத்தில் ஆட்கள் போனார்கள். குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர். ரெயூனியன் கணக்கு தனி. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்தவர்கள் மட்டும் அல்லாமல், சுற்றியிருந்த ஆங்கிலேயர் பகுதி ஊர்க்காரர்களும் இதில் உண்டு. எல்லை துண்டு துண்டாகக் கிடந்தது தரகர்களுக்கு வசதி.

இப்போது சைகோன், ரெயூனியன், குவாதலூப், ஏம்பலம் என்று கோடு போட்டால் ஒரு ஏரியா கிடைக்கிறது. தெற்காசியா, தென்கிழக்காசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்ற மானியக் குழுவின் பிரிவினையில் இது நாலு பல்கலைக்கழகத்துக்குப் பங்கு போடப்பட்டுக் காணாமல் போகிறது. பிரெஞ்சிந்தியர்கள் இந்தோசீனாவில் வாழ்ந்த கதையை முழு நூலாக 2016இல் தந்தவர் நடாஷா பெய்ரோதோ. ஆங்கிலத்தில். ஆவணங்களில் பெரும்பங்கு பிரான்சில். நான் அந்தப் பெண்ணிடம் சொன்ன ‘வெள்ளைக்காரங்க’ என்கிற பதில் இந்த அளவுக்கு உண்மைதான்.

புதுச்சேரியிலேயே 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ழான் ஃபிலியோசா தொடங்கியது. சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டிய அதன் பணி உலகம் அறிந்தது. 2005இல் அந்தச் சுவடிகள் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. பின்னாளில் சமூக அறிவியலும் சூழலியலும் அங்கே வந்தன. ஆனால் பிரான்ஸ் ஆட்சியை விட்டுவிட்டு ஆய்வை வைத்துக்கொண்ட அந்தத் தருணத்தில், முதலில் தேடப்பட்டது கோயிலின் சுவடி. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் சைகோனிலிருந்து எழுதிய கடிதத்துக்கு அந்த அவசரம் கிடைக்கவில்லை. வித்யாஸ்தானத்தின் ரசனை அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

7

துறைகள் செய்யாததை நம் இலக்கியம் செய்திருக்கிறதா? ஓரளவு. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு தலித் பெண்ணைப் பின்தொடர்ந்து போனது. அந்தத் தோட்டத்துக்கும் தென்பாண்டிச் சேரிக்கும் நடுவில் இருப்பது ஒரே சுரண்டல் என்று காட்டியது. ப. சிங்காரம் மேடானில் வேலை பார்த்தவர். மதுரையில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு ‘புயலிலே ஒரு தோணி’யை எழுதினார், 1972இல் வந்தது. தென்கிழக்காசியாவைக் கடாரமாகப் பார்க்காத தமிழ்ப் பிரதி அது. வட்டிக்கடைப் பையனின் கண்ணும், போரில் சிக்கியவனின் கசப்பும், சங்க இலக்கியத்தைக் கேலி செய்கிற வாயும் அதில் இருக்கின்றன. நாகரத்தினம் கிருஷ்ணா ‘நீலக்கடல்’ நாவலில் பிரெஞ்சுத் தீவுக்குப் போன தமிழர்களைத் தொட்டார். பகுதி ஆய்வுப் பாடத்திட்டத்தில் இந்த நூல்களுக்கு இடம் கேட்டால் ‘அது தமிழ்த் துறை’ என்பார்கள். தமிழ்த் துறையில் கேட்டால் நாவலின் உத்திகள் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். மறுபடி பக்கத்து ரூம்.

நம்மிடமே ஒரு பகுதிக் கோட்பாடு உண்டு என்று தமிழறிஞர்கள் உடனே திணையை எடுத்து நீட்டக்கூடும். முதல், கரு, உரி. நிலமும் பொழுதும், அதில் விளைவதும் வாழ்வதும், அங்குள்ள மனிதர்களின் ஒழுக்கமும் என்று முழுமையாக வகுத்தோமே! அமெரிக்கப் பகுதி ஆய்வில் முதலும் கருவும்தான் இருக்கும், உரி இருக்காது என்று பெருமையாகச் சொல்லலாம். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அடியோரையும் வினைவலரையும் தொல்காப்பியம் எங்கே வைக்கிறது? அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே. கைக்கிளையும் பெருந்திணையும் அவர்களுக்குப் போதும் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். நிலம் ஐந்து, அதில் வேலை செய்தவனுக்கு நிலம் இல்லை. செப்பேட்டில் பார்த்ததுதான் இலக்கணத்திலும். ஆகவே ‘நம்ம ஏரியாவை நாமளே படிப்போம்’ என்கிற கோஷம் மட்டும் போதாது. அந்த ‘நாம’வுக்குள் யார் யார்? ஊர் வரலாறு எழுதச் சொன்னால் ஊர்த்தெருவோடு நின்றுவிடுகிற ‘நாம’ என்றால், பாரீஸ் நூலகமே மேல்.

தமிழ்ப் பெருமையின் பணம் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்காக உலகத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் திரட்டினார்கள். 2017இல் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் அறிவித்தது. உலகின் பணக்காரத் தனியார் பல்கலைக்கழகத்துக்கு நாம் பகுதி கட்டினோம். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை முடக்கியபோது, சம்பளம் கொடுப்பதே கேள்வியானது. அதற்கு எந்தத் தமிழ்ச் சங்கமும் உண்டியல் தூக்கவில்லை. ஹார்வர்டில் இருக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏம்பலத்துப் பெண் போய் உட்காரக் கூடிய இருக்கை மாநிலப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது என்கிறேன். அதன் காலை உடைத்துவிட்டு எங்கே எதைத் தூக்கி வைத்தாலும் அது நமக்குச் சிம்மாசனம் ஆகாது.

8

அந்தப் பெண்ணுக்கு என்ன பதில்? அவர் கேட்டது கோட்பாட்டுக் கேள்வி மட்டும் அல்ல. தேசியத் தகுதித் தேர்வில் ‘சர்வதேச மற்றும் பகுதி ஆய்வுகள்’ என்று ஒரு பாடம் உண்டு, எழுதலாம். ஆனால் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனால் ‘இது பொலிட்டிகல் சயன்ஸுக்கு ஈடா?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். வீட்டில் முதல் பட்டதாரி. விடுதிச் செலவு, மெட்ராஸ் பஸ் செலவு, கல்யாணப் பேச்சு எல்லாம் இருக்கிறது. இந்த நிலையில் இருக்கிற ஒருவரிடம் ‘போய் மாற்று வரலாறு எழுதம்மா’ என்று உபதேசம் செய்வது, சம்பளம் வாங்குகிற விமர்சகனுக்குச் சுலபம்.

இருந்தாலும் சேரச் சொன்னேன். கூடவே சிலவற்றையும் சொன்னேன். அக்கரை மொழி ஒன்றைக் கற்றுக்கொள். பிரெஞ்சோ, வியட்நாமியமோ, சிங்களமோ. துறை கற்றுத்தராவிட்டால் வெளியே கற்றுக்கொள். அந்தப் புகைப்படத் தாத்தா பேசுவதை இப்போதே பதிவு செய், அவருக்கு வயதாகிறது. அவருடைய பெரிய தாத்தாவை வீரனாகவும் ஆக்காதே, துரோகியாகவும் ஆக்காதே. சைகோன் சிறையில் அடிவாங்கியவனின் பேரன் எங்கோ இருக்கிறான், அவன் சொல்வதையும் ஒருநாள் கேட்க வேண்டிவரும். எழுதியதைத் தமிழிலும் எழுது. ஒரு பிரதியைத் துறையில் கொடுத்தால் இன்னொரு பிரதியைக் காலனியில் கொடு.

இதெல்லாம் தனி ஒருவர் தோளில் ஏற்றுகிற பாரம் என்று தெரியும். ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கும் சில கேள்விகள். மாநிலப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்களில் நம்மில் சிலர் இருக்கிறோம். அயல்மொழி கற்காமல் பகுதி ஆய்வுப் பட்டம் கிடையாது என்று அங்கே எப்போது பேசினோம்? பிரான்சில் இருக்கிற பதிவேடுகளின் நகல்களைப் புதுச்சேரி அரசு கேட்டுப் பெற வேண்டும் என்று எந்த மேடையில் தீர்மானம் போட்டோம்? அகதி முகாமில் பிறந்தவர் தெற்காசியத் துறையில் தகவலாளியாக இல்லாமல் மாணவராக நுழைவதற்கு யாரிடம் சண்டை போட்டோம்?

நான் பேசி முடித்ததும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ‘அண்ணே, நேர்முகத்துல எந்த ஊர்னு கேட்டா ஏம்பலம்னு சொல்லலாமா, இல்ல பாண்டிச்சேரின்னு சொல்லிடட்டுமா?’

ஏம்பலம் என்றே சொல் என்றேன். அந்த ஒரு விநாடியை அவர்கள் யோசிக்கட்டும்.